ஏலத்தில் எடுத்த இராணுவ லோரி வீடு வந்து சேர

அமெரிக்க இராணுவம் கழித்துவிடும் எம்35ஏ2 லோரியை இணைய ஏலத்தில் பொதுமக்களும் எடுக்கலாம். இரண்டரை டன் சுமக்கும். ஆறு சக்கரங்களுக்கும் இயக்கம் உண்டு. டீசல் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயிலும் ஓடும்.

இருக்கும் நிலையிலேயே விற்பனை, உத்தரவாதம் கிடையாது. பணம் கட்டியவுடன் சாலையில் இறக்கிவிடவும் முடியாது. எஸ்எஃப்-97 என்ற சான்றிதழைக் காட்டித்தான் உரிமைப் பத்திரம் பெற வேண்டும். சில மாநிலங்கள் இராணுவ வாகனங்களைப் பதிவு செய்யத் தயங்குவதால், ஏலம் கேட்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, ஓட்டி வருவதா, லோ லோடரில் ஏற்றி வருவதா என்பது. ஏற்றுக்கூலி சில வேளைகளில் லோரியின் விலையையே மிஞ்சிவிடும். அதனால் பலருக்கும் ஓட்டி வரத்தான் ஆசை. மின்சாரம் 24 வோல்ட் என்பதால், செத்துப்போன பேட்டரிக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். டயரில் பூ நன்றாகத் தெரிந்தாலும், பல ஆண்டுகள் வெயிலில் நின்றதில் பக்கச்சுவர் வெடித்திருக்கும்.

பிரேக்தான் உயிர் விஷயம். எண்ணெய்க் குழாய் ஒரே தடம் என்பதால், ஓரிடத்தில் அறுந்தாலும் ஆறு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆறு டன் எடையுள்ள வண்டி இறக்கத்தில் எப்படி நிற்கும்? குழாய்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றாதவரை, கூலி எவ்வளவானாலும் ஏற்றி வருவதே சரி.