சீட்டை விட்டுக் கொடுத்த ஓட்டுநர்

அஜித்குமார் என்றால் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஆனா அவருடைய கார் ரேஸ் கதைக்கும் இருபது வயசு தாண்டிருச்சு. 2002இல் ஃபார்முலா மாருதி, 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2.

அந்த ஃபார்முலா மாருதி கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கியது. 1980களில் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டியவர் அவர். அப்போ இது பணக்காரங்க விளையாட்டு. 1988இல் மாருதி 800 எஞ்சினை வைத்து, செலவு குறைந்த ஒற்றை சீட் காரைக் கட்டினார். 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டி வந்தவர்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார்.

2024இல் அஜித் சொந்த அணி தொடங்கினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேர ரேஸுக்கு முன், பயிற்சியில் அவர் கார் மோதியது. அணியின் நலனுக்காக அந்த சீட்டை மற்ற ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டு, அவர் வேறொரு காரில் ஓட்டினார். அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. ஓட்டுநர் முதலாளியானது அந்த முடிவில்தான் என்று நாங்க நினைக்கிறோம்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்ற ரேஸ் நடக்கும். தேயிலைக்குப் பக்கத்தில் நின்னு பார்க்கிறோம். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணி வளைவுகளில் வேன் ஓட்டுற எங்க பையன்களுக்குக் கை பழக்கம் இருக்கு. கார் கட்டித் தர, சீட் தர எங்களுக்கு ஒரு கரிவரதன் இன்னும் வரல.