சம்பா கோயிலும் ஒரு நாட்குறிப்பும்

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தை ஊரார் ‘சம்பா கோயில்’ என்றே வழங்குவர். இயேசு சபையாரின் ஆலயத்தைப் புனித பவுலின் பெயரால் குறித்த வழக்கு, நம்மவர் நாவில் இவ்வாறு மருவிற்று என்பர்.

இன்று காணும் கட்டடம் அங்கு எழுந்த முதற் கோயில் அன்று. 1692இல் எழுப்பிய கோயில், மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. அடுத்து எழுந்ததும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1728இல் தொடங்கி 1736இல் முடிந்த மூன்றாம் கோயிலைப் பற்றியே, மாணவர்களே, நான் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். அதன் வாழ்நாளை அருகிருந்து கண்ட தமிழர் ஒருவர் எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். அவர் கவர்னர் தூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பு தொடங்குவதும் 1736இல்தான்!

1745 அக்டோபர்க் குறிப்பைப் பாருங்கள். கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். தாழ்த்தப்பட்ட கிறித்தவர் அதற்கப்பால் இருந்தே வழிபட வேண்டும். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தூண்ட, அம்மக்கள் தலைமைக் குருவிடம் சென்று நியாயம் கேட்டனர். அவரும் சுவரை இடிக்கச் செய்தார். உயர்குலத்தார் வெகுண்டனர். இத்தகைய செய்தியை அரசாங்கத் தஸ்தாவேசுகளில் எளிதில் காண இயலாது.

அதே கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை அகற்றுமாறு குருமார் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தனர். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், தூப்ளேயின் ஆட்சி அதனை இடித்தது. பிள்ளை இந்து, அவர் எழுத்தில் துயரமும் சினமும் உண்டு. குருமாரைப் பற்றி அவர் கூறுவதை நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் இடிபட்டது இடிபட்டதே. அவ்வாலயம் பின்னாளில் அந்நகரிலேயே வேறிடத்தில் எழுந்தது.

1761 சனவரியில் லாலி சரணடைந்தார் என்பதோடு பாடநூல்கள் நிறுத்திவிடும். வென்ற ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கினர். மூன்றாம் கோயிலும் அதில் மடிந்தது. நகர் வீழ்ந்த அதே சனவரியில் பிள்ளையும் மறைந்தார்.

இடிபாடுகளின் மேல் 1770இல் மீண்டும் பணி தொடங்கிற்று. இடையே, 1773இல், போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பொறுப்பு பாரிசு வேதபோதக சபையாரிடம் சென்றது. 1791இல் அவர்கள் காலத்தில் முடிவுற்றதே இன்று நாம் காணும் பேராலயம்.