நினைவாற்றல்: வேலூர் வட்டார ஆய்வுகள்

நினைவாற்றல் என்பது பட்டறிவைப் பதிந்து, காத்து, வேண்டும்போது மீட்கும் திறன். வயது ஏறுகையில் இது எல்லா வகையிலும் ஒரே சீராகத் தளர்வதில்லை. நேற்று நடந்தது முதலில் நழுவும். சொல்லும் பொருளும் நெடுநாள் நிற்கும். கைப்பழக்கம் பெரும்பாலும் கடைசிவரை துணை வரும். ஆம்பூர்த் தோல் ஷாப்பில் தோலைத் தடவிப் பதம் சொல்லும் முதியவருக்குக் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்திருக்கலாம். பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது.

இவ்வட்டாரத்தில் நினைவாற்றல் பற்றிய மருத்துவப் பதிவு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியே அமைகிறது. அங்கு 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் வந்தது.

விரிவான தகவல் கிடைப்பது 10/66 ஆய்வுக் குழுவின் காலத்துக்குத்தான். 1998இல் உருவான இக்குழுவின் பெயரே ஒரு முறையீடு: டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளோரில் 66 விழுக்காட்டினர் அன்று வளரும் நாடுகளில் வாழ்ந்தனர், அவர்களைப் பற்றிய ஆய்வோ 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. வேலூர்ப் பணியில் மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப் முன்னின்றார். ஊர்ப்புறத்தில் 65 வயது கடந்த சுமார் 1,000 பேர் வீடுவீடாகச் சந்திக்கப்பட்டனர். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் சோதிக்கும்படி கேள்விகள் அமைந்தன. முதியவரிடம் ஒரு பங்கு, வீட்டாரிடம் ஒரு பங்கு. அக்கேள்வித் தொகுப்பின் மூல வடிவில் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லவேண்டிய சொற்கள் மூன்று: படகு, வீடு, மீன். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஊர்களுக்குப் படகு சற்றுத் தொலைவான பொருள்தான். வீட்டில் தனியாக இருந்த மூன்று பிள்ளைகள் தீயிலிருந்து காப்பாற்றப்படும் சிறு கதையும் உண்டு. கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லவேண்டும்.

முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. அமெரிக்க மனநல வரையறைப்படி இந்திய ஊர்ப்புறத்தில் நோயுற்றோர் 0.3 விழுக்காடு, குழுவின் சொந்த அளவுகோலில் அதே மக்களிடையே இது 10 விழுக்காட்டைத் தாண்டியது. இவ்விடைவெளிக்கு ஆய்வாளர் தந்த விளக்கம் வீட்டாரைப் பற்றியது: முதியவரின் தளர்ச்சியை அவர்கள் குறைவாகவே தெரிவிக்கின்றனர். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கணக்குவழக்கு, கடைகண்ணி எல்லாம் மருமகள் கைக்குப் போனபின் மாமியார் எதில் தடுமாறினார் என்று யார் சொல்வது? குழுவின் அளவுகோல் மிகையாக எண்ணுகிறதா, வரையறை குறைத்து எண்ணுகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வயதின் மறுமுனையில், 2010–12இல் வேலூர் நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகள் பிறப்பு முதல் பின்தொடரப்பட்டு, பள்ளி வயதில் அறிதிறன் சோதிக்கப்பட்டது. குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்துக் குறைவுக்கும் சொல்சார் திறனுக்கும் தொடர்பு காணப்பட்டது. நடுவயதினர் பற்றிய பதிவு சொற்பம்.

மாவட்டப் பெயர் மாற்றமும் இத்தகைய சோதனைகளில் குறுக்கிடும். 2019இல் ஆம்பூரும் வாணியம்பாடியும் புதிய திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. அங்குள்ள முதியவர் பிறந்தது வட ஆர்க்காட்டில். 1989இல் அது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் ஆனது. 'இது எந்த மாவட்டம்?' என்ற சோதனைக் கேள்விக்கு அவர் 'வட ஆர்க்காடு' என்றால், மதிப்பெண் போடுபவர் சற்று யோசிக்கவேண்டும்.