இடைக்கால ஐரோப்பிய டியூனிக்... நீங்களே தைக்கலாம்!

காஸ்ப்ளேவுக்கு ஒரு டியூனிக் தைக்கணுமா? சினிமா காஸ்ட்யூமைப் பார்த்துத் தைக்காதீங்க. நிஜ டியூனிக்கே இருக்கு. 1936-ல் சுவீடனின் வார்பெர்க் அருகே சதுப்பு நிலத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய கம்பளி டியூனிக், வார்பெர்க் கோட்டை மியூசியத்தில் இன்னமும் இருக்கிறது. கிரீன்லாந்தில் 1921-ல் தோண்டியெடுத்த உடைகளிலோ, இடுப்புக்குக் கீழே முக்கோணத் துண்டுகளை வைத்து வைத்தே விரித்திருக்கிறார்கள்.

காரணம் சிக்கனம். நூல் நூற்பது முதல் எல்லாமே கைவேலை. துணியை வீணாக்க யாருக்கு மனசு வரும்? அதனால் எளிய டியூனிக்கில் கழுத்தைத் தவிர எல்லாமே நேர்க்கோட்டு வெட்டுதான்.

லினன் வாங்கி, முதலில் துவைத்துக் காயவைங்க. தைத்த பிறகு சுருங்கினால் அழுகைதான். மார்பளவு 40 அங்குலமா? தளர்வுக்கு 4 சேர்த்து, பாதியாக்கி, தையலுக்கு 1 அங்குலம் கூட்டினால் 23. அந்த அகலத்தில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. கைகளும் நீளத் துண்டுகளே. ஒரு செவ்வகத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும், அவை பக்கவாட்டில். சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும். அதனால் அதை உடல் துண்டின் நேர் ஓரத்தோடு சேர்த்துத் தைங்க.

அக்குளில் 5 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று. பழைய பாணி குர்தாவிலும் இதைப் பார்த்திருப்பீங்க. 'சின்னத் துண்டுதானே'னு விட்டுட்டா, வாளைத் தூக்கும்போது அக்குள் கிழியும்!

கழுத்துதான் திரும்பப் பெற முடியாத வெட்டு. சின்னதாகவே வெட்டுங்க, பெரிசாக்கலாம், சின்னதாக்க முடியாது. கழுத்து முன்பக்கம் தள்ளி இருப்பதால், துளையும் முன்னுக்குத் தள்ளி வரணும். தலை நுழைய நடுவில் 5 அங்குலக் கீறல் போதும்.

உள்தையலுக்கு மெஷின் ஓகே. வெளியே தெரியும் கழுத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் கையால் தைங்க. அங்கேதான் கண் போகும். கீழ் ஓரம் மடிப்பதற்கு முன் ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்க. முக்கோணங்கள் இறங்கும், அப்புறம் சமமா வெட்டிக்கலாம்.

கலர்? சீரிஸ்களில் வரும் சாம்பலும் பழுப்பும்தான் அந்தக் காலம்னு நினைக்காதீங்க. மேடர் வேரில் சிவப்பு, வோட் இலையில் நீலம், வெல்ட் செடியில் பளிச் மஞ்சள்னு சாயம் போட்டவர்கள் அவர்கள். தைரியமா மஞ்சள் எடுங்க.