மானிப்பாய் வைத்தியரும் நம் தமிழும்



மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால், கிறீன் யார் என்று நம்மில் பலர் கேட்டதில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்த்ததோடு, உள்ளூர் வாலிபருக்கு வைத்தியமும் கற்பித்தார்.

முதலில் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. மாணவரும் பெற்றோரும் அதையே விரும்பினர். ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். கிறீன் வேறொன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் பட்டணங்களுக்குப் போய்விட, கிராமத்து நோயாளி வைத்தியர் இல்லாமலே கிடந்தார். ஆகவே 1864இல் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். எதிர்ப்பு வந்தும் அவர் பின்வாங்கவில்லை.

தமிழில் பாடநூல்கள் போதவில்லை. தம் மாணவர்களையும் தமிழ் அறிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என நூல்கள் வந்தன. அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியம் கற்றனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில் கற்றவர்கள். 1873இல் நாடு திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் மரித்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம், அப்படியே பொறிக்கப்பட்டது.

குளிரில் நடுங்குகிறவனிடம் "சமாதானத்தோடே போ" என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். கிறீன் வார்த்தையோடு நிற்கவில்லை. நோயாளியின் மொழியைத் தாமே கற்றார்.

இந்த நாட்டு வைத்தியசாலைகளில் தாதியராக வேலை செய்யும் நமக்கு இதன் அருமை தெரியும். நம் அம்மம்மாமார் "உளையுது", "கடுக்குது", "எரியுது", "விறைக்குது" என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு உபாதை. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே "பெயின்" ஆகிவிடுகிறது. சிலர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் படுத்திருப்பார்கள். யாரும் தமிழில் கேட்டால்தான் இரவு முழுவதும் நித்திரையில்லை என்பது வெளியே வரும்.

சத்திரசிகிச்சை, சம்மதப் பத்திரம் போன்றவற்றை விளக்கப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையிடம் கேளுங்கள். அந்தப் பொறுப்பு வாலிபருடையதல்ல. ஆனால் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. சபையில் தனியாக இருக்கும் ஒரு ஐயாவுக்கு வைத்தியசாலைக்குப் போகும் நாளில் துணையாகப் போகலாம். அவர் குடிக்கும் குளிசைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். கட்டிலருகில் அரை மணி நேரம் இருந்து, "எங்கே நோகுது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

உங்கள் தமிழ் கொஞ்சம் தடுமாறும் என்று வெட்கப்பட வேண்டாம். கிறீனும் பிள்ளையைப்போல எழுத்துக்கூட்டித்தான் தொடங்கியிருப்பார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தனியாக நிற்கும் ஒரு பெரியவரிடம் போய்ப் பேசுங்கள்.