கேட்டதைக் கேட்டபடி



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்து, மலையேறத் தொடங்குமுன் ஓரிடத்தில் சற்றே நின்று மூச்சு வாங்கும். அவ்விடத்திற்கு அடிவாரம் என்று பெயர். அதற்கப்பால் 20 கொண்டையூசி வளைவுகள். அவற்றையும் கடந்தால் சேர்வராயன் மலைமீது காப்பித் தோட்டங்கள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அம்மலையில் காப்பிப் பயிரைப் பரப்பிய காலந்தொட்டு, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஆட்கள், மூட்டைகள், செய்திகள் எல்லாம் அடிவாரத்தைத் தொட்டே போய்வந்தன. என் பிள்ளைப் பருவம் அங்கேதான் கழிந்தது.

1971-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் நாகபுரியில் பணியாற்றிவந்தார். எங்கள் அப்பாயி நோயுற்றுப் படுத்துவிட்டார். மூத்த மகனைப் பார்க்கவேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் சிற்றப்பா ஒரு தந்தி கொடுத்தார். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதித் தந்தி கொடுப்பது அந்நாள் வழக்கம். 'தாய்க்கு நலமில்லை, உடனே வரவேண்டும்' என்பது அவர் எழுதித் தந்த வாசகம். நாகபுரியில் என் தந்தையார் கைக்குக் கிடைத்த தாளில் 'உடனே வரவேண்டாம்' என்று இருந்தது. நிலைமை அவ்வளவு மோசமில்லை போலும் என எண்ணிய அவர், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு புறப்படலாம் என்றிருந்துவிட்டார். நான்காம் நாள் அப்பாயி இறந்துபோனார்.

தந்தியில் புள்ளியும் கோடுமே எழுத்துகள். 'யூ' என்னும் எழுத்துக்கு இரு புள்ளிகளும் ஒரு கோடும். 'ஏ' என்னும் எழுத்துக்கு ஒரு புள்ளியும் ஒரு கோடும். 'வேண்டும்' என்பதில் 'யூ' வரும். 'வேண்டாம்' என்பதில் 'ஏ' வரும். வழியில் யாரோ ஒருவர் ஒரு புள்ளியைத் தவறவிட்டார், அவ்வளவே நடந்தது. அவர்மீது எனக்கு இன்று வருத்தமில்லை. ஒரு செய்தி தொலைதூரம் செல்லவேண்டுமானால், இடையில் யாரேனும் அதை வாங்கி மறுபடி அனுப்பித்தான் தீரவேண்டும். அந்த இடைக்கை மனிதக் கையாக இருந்த நிலை மாறி, கருவியாகி, இன்று கடலடியில் கண்ணாடி இழையாகக் கிடக்கும் வரலாற்றையே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். அக்கருவிக்குப் பொறியியலார் இட்ட பெயர் ரிப்பீட்டர்.

நம் நாட்டில் ஓஷாநசி என்னும் மருத்துவர் 1839-லேயே கல்கத்தாவில் தந்திச் சோதனை நடத்தினார். அவருடைய முயற்சியால் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கம்பியால் இணைந்தன. 1855-இல் பொதுமக்களும் தந்தி கொடுக்கலாயினர். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் தூரம் செல்லச் செல்ல மெலியும். ஆகவே இடைநிலையம் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தர் அமர்ந்து, வந்த செய்தியைக் காதால் கேட்டு, தாளில் எழுதி, அடுத்த நிலையத்திற்குத் தம் விரலால் தட்டி அனுப்பினார். அவரே உலகின் முதல் ரிப்பீட்டர் எனலாம்!

1865-இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தரைவழியாகத் தந்தித் தொடர்பு ஏற்பட்டபோது இந்த ஏற்பாட்டின் குறை நன்றாக வெளிப்பட்டது. வழியில் இருந்த பல நாட்டு எழுத்தர்கள், தமக்குப் புரியாத ஆங்கிலத்தைப் படியெடுத்து அனுப்பினர். செய்திகள் நாட்கணக்கில் தாமதப்பட்டன. வந்தவற்றுள் பல உருத்தெரியாமல் சிதைந்திருந்தன. 1870-இல் சீமென்ஸ் சகோதரர்கள் லண்டனிலிருந்து பாரசீகத்தின் தெஹ்ரான் வரை புதிய வழி அமைத்தனர். அதில் இடைநிலையங்களிலே எழுத்தருக்குப் பதிலாகத் தாமே இயங்கும் கருவிகளை வைத்தனர். அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் ஹென்றி 1835-இல் கண்ட உபாயந்தான் அதற்கு அடிப்படை: மெலிந்து வரும் மின்சாரம் ஒரு சிறு இரும்பு நாவை மட்டும் அசைக்கும், அந்நாவு மற்றொரு புதிய மின்கலத்தின் வழியைத் திறக்கும், களைத்து வந்த புள்ளி புத்துயிர் பெற்று மேலே போகும். அந்த ஆண்டு நடந்த வெள்ளோட்டத்தில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி 28 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

தரையில் இது முடிந்தது. கடலில்? கடலின் நடுவே கருவியை எங்கே வைப்பது? 1858-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் முதற் கம்பி போடப்பட்டபோது இடையில் எந்தக் கருவியும் இல்லை. விக்டோரியா அரசியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்து அக்கரை சேர 16 மணி நேரம் ஆயிற்று. பொறுமையிழந்த வைட்ஹவுஸ் என்னும் நிபுணர், வலிவாகச் செலுத்தினால் விரைவாகப் போகும் என்று கருதி, ஏறக்குறைய 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைக் கம்பியில் ஏற்றினார். சில வாரங்களில் கம்பி செத்துப்போயிற்று. எட்டாத் தொலைவில் இருப்பவனை அழைக்கத் தொண்டை கிழியக் கத்துவதால் தொண்டைதான் கெடும். வழியிலே நிற்கும் ஒருவனிடம் சொல்லியனுப்புவதே முறை. மாணவர்கள் தேர்வில் இதை எழுதவேண்டியதில்லை. ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தொலைபேசி வந்ததும் புதியதொரு சிக்கல் எழுந்தது. குரலில் புள்ளியும் கோடும் இல்லை. அது ஓயாது ஏறி இறங்கும் அலை. வெற்றிடக் குழாய்கள் அவ்வலையைப் பெருக்கித் தந்தன. அவற்றின் துணையால் 1915-இல் நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் பேசிக்கொண்டன. ஆனால் பெருக்குங் கருவிக்குக் குரலும் ஒன்றே, வழியில் கலந்த இரைச்சலும் ஒன்றே. இரண்டையும் சேர்த்தே பெருக்கியது. பத்துக் கருவிகளைக் கடந்தபின் இரைச்சலும் பத்து முறை வளர்ந்திருக்கும். 1937-இல் ஏலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு அழகான ஒரு வழி கண்டார். குரலை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அவ்வளவுகளை 'உண்டு', 'இல்லை' என்னும் இருவகைக் குறிகளாக மாற்றி அனுப்பலாம் என்றார். அப்போது இடைக்கருவி பெருக்குவதோடு நில்லாது, வந்த குறி எது என்று படித்து, மாசற்ற புதுக் குறியாக எழுதி அனுப்பும். தந்தியின் புள்ளிகள் மறுபிறவி எடுத்தன என்றே சொல்லவேண்டும்.

அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தொலைபேசிக் கம்பி 1956-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே போவதற்கொன்று, வருவதற்கொன்று என இரு கேபிள்கள் இடப்பட்டன; ஒவ்வொன்றிலும் 51 ரிப்பீட்டர்கள். உள்ளே வெற்றிடக் குழாய்கள். ஒரு குழாய் பழுதானாலும் கப்பல் சென்று கடலடியிலிருந்து தூக்கவேண்டும். அத்தனை கவனத்தோடு செய்யப்பட்ட அக்கேபிள் 1978 வரை உழைத்தது.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். ஒளியை நுண்ணிய கண்ணாடி இழைக்குள் அடைத்து, வளைந்த வழியில் செலுத்தி, மறுமுனையில் உருவத்தைக் காணலாம் என்று பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்சுடன் சேர்ந்து 1954-இல் வெளியிட்டார். ஆனால் அந்நாளைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். 1966-இல் சார்லஸ் காவ், தம் துணைவர் ஹாக்கமுடன் எழுதிய கட்டுரையில், குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதிலுள்ள அழுக்கில் இருக்கிறது என்றார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சுமாறு இழை செய்துவிட்டால் போதும், செய்தி அனுப்பலாம் என்று கணக்கிட்டார். பலர் நம்பவில்லை. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்வெல்லையைக் கடந்தனர். இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு எஞ்சுவது 100 கிலோமீட்டருக்குப் பின்! காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இருந்தும் ரிப்பீட்டர் ஒழியவில்லை. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. 200-இல் பதினாயிரத்தில் ஒன்று. 300-இல் பத்து லட்சத்தில் ஒன்று. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். 1-ஐ எழுதி 26 சுழிகளை இட்டு, அத்தனையில் ஒரு பங்கு எஞ்சும் என்று சொல்வது ஒன்றும் எஞ்சாது என்று சொல்வதே.

1988-இல் அட்லாண்டிக்கில் இறங்கிய முதல் ஒளியிழைக் கேபிளில், ரிப்பீட்டர்கள் ஒளியை மின்சாரமாக மாற்றிப் படித்து, மறுபடி ஒளியாக எழுதி அனுப்பின. அதற்குச் சற்று முன், 1987-இல், இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னும் அவர் குழுவினரும் வேறொரு வழி கண்டனர். எர்பியம் என்னும் அருந்தனிமத்தைச் சிறிதளவு கலந்த சில மீட்டர் இழையை இடையில் இணைத்து, அதனுள் ஒரு சிறு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், எர்பிய அணுக்கள் ஆற்றலைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மெலிந்த செய்தி ஒளி அவ்வழியே வரும்போது, அதே நிறத்தில் அதே போக்கில் தம் ஆற்றலைக் கொடுத்துவிடும். ஒளி ஒளியாகவே வலுப்பெறும், மின்சாரமாக மாறவேண்டியதில்லை. பல நிறங்களில் பல செய்திகள் ஒரே இழையில் சென்றாலும் அனைத்தையும் ஒருங்கே வலுப்படுத்தும். 1990-களின் நடுவிலிருந்து கடற்கேபிள்கள் இம்முறைக்கு மாறின.

கூர்ந்து கேட்ட மாணவர் ஒருவர் இங்கே எழுந்து, "ஐயா, இது பழையபடி பெருக்குவதுதானே? இரைச்சலும் பெருகுமே?" என்று வினவக்கூடும். மிகவும் சரி. பெருகத்தான் செய்கிறது. அதற்கு மருந்து இருமுனைகளிலும் இருக்கிறது. 1950-இல் ரிச்சர்டு ஹாமிங் என்னும் கணித அறிஞர், செய்தியோடு சில காவற் குறிகளையும் கணக்கிட்டுச் சேர்த்தனுப்பினால், வழியில் மாறிய குறி எது என்று பெறுபவரே கண்டு திருத்திக்கொள்ளலாம் என்று காட்டினார். ஓர் எளிய உவமை: ஒவ்வொரு சொல்லிலும் புள்ளிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வருமாறு, வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியைக் கூட்டி அனுப்புவோம் என்று முன்பே பேசிக்கொண்டால், வந்து சேரும் சொல்லில் ஒற்றைப்படை கண்டவுடன் 'இங்கே பிழை' என்று தெரிந்துவிடும். நாகபுரி எழுத்தர் "மறுபடி அனுப்பு" என்று கேட்டிருப்பார். ஹாமிங்கின் முறை இதனினும் நுண்ணியது, கேட்காமலே திருத்தும்.

சென்னை–அந்தமான் நிகோபார் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர்; செலவு சுமார் 1,224 கோடி ரூபாய்; பணியை நிறைவேற்றியது பி.எஸ்.என்.எல். நிறுவனம். சுயராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்த்தா, கிரேட் நிகோபார் முதலிய தீவுகளையும் அது தொடுகிறது. அதற்கு முன் தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே சென்று, மறுபடி அத்தனை தூரம் கீழே இறங்கவேண்டிய செய்திக்குக் கால் நொடி பிடிக்கும், இடமும் குறைவு. பக்கத்துத் தெருவில் இருப்பவரோடு வானுலகம் சென்று பேசுவது போன்றது அது.

இத்தகைய கேபிள்களில் ரிப்பீட்டரைப் பொருத்துவது எப்படி? நீண்ட உலோக உருளைக்குள், கடலின் அழுத்தமும் உப்பும் புகாதபடி மூடி, கேபிளோடு முன்னதாகவே இணைத்துச் சோதித்துவிடுவர். பின்னர் கப்பலில் சுருட்டி ஏற்றி, மெல்ல மெல்ல இறக்குவர். கரையோரத்தில் மீன்வலையும் நங்கூரமும் பகை. ஆகவே அங்கே கலப்பை போன்ற கருவியால் கடற்றரையை உழுது புதைப்பர். ஆழ்கடலில் அப்படியே கிடக்கும். ரிப்பீட்டருக்கு உணவு வேண்டுமே? கேபிளினுள் இழைகளைச் சூழ்ந்த செப்புக் குழாய் வழியாகக் கரையிலிருந்தே ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் செல்லும். 25 ஆண்டுகள் தொடாமல் உழைக்கவேண்டும் என்பதே அதன் வகுப்பு முறை.

தரைவழிகளில் ரிப்பீட்டர் ஓர் அறையின் அடுக்கில் செருகும் சிறு பெட்டியாக இருக்கும். அதை இயக்குவோர் அறியவேண்டியவை சில உண்டு. அனுப்பும் இழையும் பெறும் இழையும் மாறிவிடலாகாது. வரும் ஒளி குறைந்தால் படிக்க இயலாது. மிகுந்தால் பெறும் உறுப்பு கெடும். எல்லாவற்றினும் பெரிய பகை தூசி. ஒளி செல்லும் உள்வழியின் குறுக்களவு ஒரு மீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் பங்கில் ஒன்பதே. நம் தலைமயிர் அதைவிடப் பல மடங்கு பருமன். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அடிவாரம் சென்றிருந்தபோது, சாலையோரப் பள்ளத்தருகே ஓர் இளைஞர் குடைநிழலில் அமர்ந்து இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இங்கே ரிப்பீட்டர் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "ஏற்காட்டுக்கு எதற்குங்க ஐயா? முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒளி தானாகவே ஏறிவிடும்" என்றார். 20 வளைவுகளில் கேபிள் வளைந்தால் ஒளி கசியாதா என்றேன். சாலை வளைவு ஒன்றும் செய்யாது, விரலில் சுற்றுவதுபோல் இறுக்கி வளைத்தால்தான் கசியும் என்று ஓர் இழையைச் சுற்றியே காட்டினார். கருவித் திரையில் எண் சரிந்தது. பிரித்ததும் ஏறிற்று. பிறகு முனையை ஒருமுறை துடைத்தார். உற்றுப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வளைவுக்கு ஏறிப்போனார்.