பழைய குறோஸ்ஓவரை வாகனத்தில் பொருத்துமுன் அறிய வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஒலிச் சாதனங்களோடும், கழற்றி விற்கப்படும் அம்பிளிபயர்களோடும் ஒரு சிறு உலோகப் பெட்டியும் கைக்கு வருவதுண்டு. முன்புறம் சில திருகுகள், பின்புறம் ஆர்சிஏ துளைகள். பலர் எதற்கென்று தெரியாமல் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் வெளிக் குறோஸ்ஓவர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய வானையே திருத்தி ஓடிப் பிழைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி இன்றும் உதவும். பிழையாக இணைத்தால் ஸ்பீக்கர் எரியும். சிலவேளை வயரும் தீப்பிடிக்கும்.

இதன் வேலை என்ன?

ஒலியை மீடிறன்படி பிரித்து அனுப்புவதே இதன் வேலை. ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழே சப்வூபருக்கும், 3000 ஹெர்ட்சுக்கு மேலே ருவீற்றருக்கும், இடைப்பட்டது நடு ஸ்பீக்கருக்கும் போகும்.

இதில் இரண்டு வகை உண்டு. சுருளும் கொள்ளளவியும் மட்டும் உள்ள வகை அம்பிளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வரும்; அதற்கு மின்சாரம் தேவையில்லை. 4 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்ததை 8 ஓமுக்குப் போட்டால் பிரியும் இடம் மாறிவிடும். மற்றையது, செட்டுக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே வரும் 12 வோல்ற் பெட்டி. இதில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி அம்பிளிபயர் சானல் வேண்டும். கீழே சொல்வது இந்த வகையைப் பற்றியே.

பொருத்துமுன்

மூடியைத் திறந்து கொள்ளளவிகளைப் பாருங்கள். தலை வீங்கியோ கசிந்தோ இருந்தால் மாற்ற வேண்டும். புதியதன் மைக்ரோபரட் அளவு அதேயாகவும், வோல்ற் அளவு அதேயாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். திருகுகளைச் சுழற்றும்போது கரகரப்பு வந்தால் துப்புரவாக்கும் திரவம் அடிக்கலாம்.

பஸ், லொறி வைத்திருப்போர் முதலில் வோல்ற் அளவைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் 24 வோல்ற். 12 வோல்ற் பெட்டி உடனே பழுதாகும். இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுப்பதும் பிழை. இரண்டும் சமமின்றிச் சார்ஜ் ஆகிக் கெடும். 24 இலிருந்து 12 ஆக மாற்றும் கொன்வேட்டர் போடுங்கள்.

வயர் இணைப்பு

அம்பிளிபயருக்கான பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். குறோஸ்ஓவருக்கு அதில் குறிப்பிட்ட அளவில் தனிச் சிறு பியூஸ் போடுங்கள். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது வாகனத்தையே எரிக்கக்கூடும்.

எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய வெற்று உலோகத்தில், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இடத்தில் இறுக்குங்கள். ஆர்சிஏ வயரைப் பற்றரி வயரோடு சேர்த்து ஓட்டாதீர்கள். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலிக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

ஒரு வேலைக்கு ஒரு வடிகட்டி

இன்றைய செட்டிலும் அம்பிளிபயரிலும் வடிகட்டி உள்ளேயே உண்டு. பழைய பெட்டியைப் பாவித்தால் மற்றவற்றை நிறுத்திவிடுங்கள். ஒரே வகை வடிகட்டிகள் இரண்டை 80 ஹெர்ட்சில் வைத்தால், அந்த இடத்தில் ஒலி 3 டெசிபலுக்குப் பதில் பொதுவாக 6 டெசிபல் குறையும். பேஸில் பள்ளம் விழக்கூடும். ஒக்ரேவுக்கு 12 டெசிபல் வடிகட்டியானால் சப்வூபரின் கூட்டல், கழித்தல் வயர்களை மாற்றியும் கேட்டுப் பாருங்கள். பேஸ் நிறைவாகக் கேட்பதே சரி.

ருவீற்றருக்குக் காவல்

சில பெட்டிகளில் மீடிறனைப் பத்து மடங்காக்கும் சுவிச் உண்டு. அது தவறுதலாக மாறினால் 3000 என்பது 300 ஆகி, ருவீற்றர் நொடியில் எரியும். 4 ஓம் ருவீற்றரோடு தொடராக 40 மைக்ரோபரட் முனைவற்ற கொள்ளளவி ஒன்று போடுங்கள். அது ஏறத்தாழ 1000 ஹெர்ட்சுக்குக் கீழே போவதைக் குறைக்கும். செட் போடும்போது வரும் ‘டப்’ ஒலியையும் தாங்கும்.

முதலில் எல்லாக் கெயினையும் குறைத்து வைத்து, மெதுவாகக் கூட்டுங்கள். ஒலி கிழியத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

செல், குண்டுச் சத்தத்தால் செவி பாதிக்கப்பட்டோர் எம்மிடையே பலர். குரல் தெளிவில்லாதபோது அவர்கள் சத்தத்தைக் கூட்டவே பார்ப்பார்கள். அது எஞ்சிய கேள்திறனையும் கெடுக்கும். மீடிறன் சரியாகப் பிரிந்தால் பேஸ் குரலை மூடாது. குறைந்த சத்தத்திலேயே சொல் விளங்கும். பின்னால் வரும் வாகனத்தின் ஹோனும் சாரதிக்குக் கேட்கும்.